சாமி அறையைச் சுற்றிப் போன குழாய்

இப்போதெல்லாம் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி சூரிய வெந்நீர்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்கு முன்னால் என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். கண்ணாடியைக் காட்டுகிறார்கள், தொட்டியைக் காட்டுகிறார்கள். நான் குழாயைப் பார்ப்பேன். பெட்டியிலிருந்து தொட்டிக்குப் போகிற குழாய் எந்த வழியாகப் போகிறது, எங்கே வளைகிறது, எங்கேயாவது கீழே இறங்கி மறுபடி மேலே போகிறதா என்று பார்ப்பேன். அப்படிப் போனால் அந்த வீட்டு ஆண்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கி வந்துவிடுவேன். முட்டாள்களுக்குப் பாடம் நடத்துகிற உத்தியோகத்திலிருந்து நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது.

இந்தக் குழாய்ப் பைத்தியம் எனக்குப் பிடித்தது யுத்த காலத்தில், புதுக்கோட்டையில், என் அக்கா வீட்டில். என் கணவர் மலேயாவில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர். யுத்தம் வந்து கப்பல் நின்றதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். கடிதமும் நின்றுபோயிற்று. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் ஒண்டியிருந்தேன். ஒண்டியிருப்பவளுக்கு வாய் இருக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். நானும் முடிந்தவரை வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்போது கட்டியதையெல்லாம் இப்போது அவிழ்க்கிறேன்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், சமஸ்தானத்தில் ஓவர்சியர். ரோடு போடுவதையும் மதகு கட்டுவதையும் பக்கத்தில் குடை பிடித்து நின்று பார்ப்பது அவர் வேலை. ஆனால் பேச்சைக் கேட்டால் காவிரிக்கே அவர்தான் அணை கட்டியது போல இருக்கும். வீட்டில் அவர் சொல்வதுதான் விஞ்ஞானம், அவர் சொல்வதுதான் சாஸ்திரம். இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எது ஜெயிக்கும் என்பது அன்றைக்கு அவருக்கு எது சௌகரியம் என்பதைப் பொறுத்தது.

அந்த வீட்டில் விடிவதற்கு முன்னால் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். அத்தான் பச்சைத் தண்ணீரில் குளிக்க மாட்டார். சித்திரை வெயிலில் மண்டை பிளந்தாலும் அவருக்கு வெந்நீர்தான். கொல்லையில் ஒரு தாழ்ந்த கொட்டகை, அதற்குள் வெந்நீர் அடுப்பு, அதன்மேல் வயிறு பருத்த ஒரு செப்பு அண்டா. யுத்தத்தில் காய்ந்த விறகு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கறம்பக்குடிப் பக்கமிருந்து வண்டியில் வரும் முந்திரி விறகு பாதிக்குப் பாதி பச்சையாக இருக்கும். அது எரியாது, புகையும். அந்தப் புகை கண்ணில் மிளகாயைப் போட்டுத் தேய்த்த மாதிரி எரியும். அதற்குள்தான் என் அக்கா ஊதுகுழலோடு தினமும் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு இளைப்பு வந்தது. முதலில் இருமல், பிறகு நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியைச் சொல்லுவாள். டாக்டர் வந்து பார்த்தார். மருந்து கொடுத்துவிட்டு அத்தானிடம் தெளிவாகவே சொன்னார்: "மருந்தெல்லாம் ரெண்டாவதுங்க. இந்தப் பொகையில உக்கார்றத நிறுத்தலேன்னா இந்தம்மா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க."

நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்றேன். அத்தான் முகத்தைச் சுளித்தார். "கொழுந்தியா வச்சுக் குடுக்குற வெந்நியில குளிக்கிறது மரியாதையில்லம்மா. நாலு பேரு என்ன நெனைப்பான்?" என்றார். கொட்டகைக்குள் நடப்பதை எந்த நாலு பேர் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவரே எழுந்து போய் ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை, பாவம், அவ்வளவு பெரிய விஞ்ஞான மூளைக்குத் தோன்றவேயில்லை. விறகை வாங்கிப்போட்ட களைப்பில் இருந்தார் போலிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் அவருக்கு எங்கிருந்தோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. அமெரிக்காவில் சூரியனை வைத்து வெந்நீர் காய்ச்சுகிறார்கள் என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. சாப்பாட்டின்போது அதை இலைக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பிரசங்கம் செய்தார். கடைசியில் அக்காவைப் பார்த்து, "இனிமே நீ வெந்நி அடுப்புப் பக்கமே போக வேணாம். சூரியன் பாத்துக்குவான்" என்றார்.

அக்கா கையில் சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கவில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் மன்னிக்கவும் முடியவில்லை.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். புரிந்துகொள்வதற்கு இங்கிலீஷ்கூட வேண்டியதில்லை. கண்ணாடி மூடிய ஒரு பெட்டி, சாய்த்து வைத்திருந்தது. உள்ளே மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவில் ஏணி மாதிரி சன்னமான குழாய்கள் நேராக நின்றன. எல்லாவற்றுக்கும் கறுப்புப் பூச்சு. பெட்டியைவிட உயரத்தில் தொட்டி. தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கி வந்து பெட்டியின் அடியில் நுழைகிறது. வெயிலில் சூடாகிப் பெட்டியின் தலைவழியாக வெளியே வந்து, ஏறிக்கொண்டே போய்த் தொட்டியில் விழுகிறது. யாரும் இறைக்க வேண்டாம். சூடான தண்ணீர் தானாக மேலே போகும். உலை வைக்கிற ஒவ்வொருத்திக்கும் தெரிந்த சங்கதிதான்.

அத்தான் செய்த முதல் காரியம் அதைத் திருத்தியதுதான். வெள்ளைக்காரன் செய்ததை அப்படியே செய்தால் அவருக்கு என்ன பெருமை? ஏணியை எடுத்துவிட்டு, ஒரே குழாயைப் பாம்பு மாதிரி இங்கிட்டும் அங்கிட்டுமாக மடித்து மடித்துப் பெட்டி முழுக்க நிரப்பினார். "பைப்பு எம்புட்டு நீளமோ அம்புட்டுச் சூடு. அவனுக்கு இது தோணல பாத்தியா?" என்றார். யுத்தத்தில் புதுக் குழாய் கிடைக்காது. யாரோ கழற்றிப் போட்டிருந்த பழைய இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்தார். என் மணிக்கட்டைவிடத் தடிமன், உள்ளே துரு வேறு. அந்த இரும்பு காய்வதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும், பிறகல்லவா தண்ணீர் காய வேண்டும். படத்தில் தொட்டியை ஒரு மரக்கூண்டுக்குள் வைத்துச் சுற்றிலும் எதையோ அடைத்திருந்தார்கள். அதையும் வேண்டாமென்றார். "தொட்டிக்கு எதுக்குச் சட்டை, நம்மூரு என்ன சீமையா?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

இத்தோடு விட்டிருந்தால்கூட வெதுவெதுப்பாவது கிடைத்திருக்கும். அடுத்தது குழாய் போகிற வழி.

வீடு தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரே நீளம். கொல்லையில் பெரிய புளியமரம், அதன் நிழல் பின்பக்க மாடி முழுவதும் விழும். அதனால் பெட்டியை முன்பக்க மாடியில் வைக்க வேண்டியிருந்தது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள் என்பதும் ஒரு காரணம், அதை அவர் சொல்லவில்லை. குளியலறை கொல்லைப்பக்கம், ஆகையால் தொட்டி பின்பக்க மாடியில், உயரமான மேடைமேல். பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் மாடியோடு ஒரே நேராக, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற மாதிரி ஒரு குழாய் போட்டால் முடிந்தது.

ஆனால் வீட்டின் நடுவில் ஒரு பக்கம் முற்றம், அதில் துளசி மாடம். மறுபக்கம் சாமி அறை. மாடியோடு போகிற குழாய் இந்த இரண்டில் ஒன்றின் தலைக்கு மேலே போயே ஆக வேண்டும். அத்தான் அந்த இடத்தில் வந்து நின்று, நெற்றியைச் சுருக்கி, அமெரிக்கப் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சோசியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சோசியர் வந்தார். வீட்டுக்குத் தூரமான பொம்பளைகள் உள்பட எல்லோரும் குளிக்கிற தண்ணீர் சாமி தலைக்கு மேலே போவது குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். துளசிக்கும் அதே சட்டம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் தினமும் பூஜை செய்கிறவர் அக்காவின் மாமியார். அவருக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "ஏண்டா, சாமி என்ன அண்ணாந்து பாத்துக்கிட்டா உக்காந்திருக்கு? சிவனேன்னு பைப்பப் போடுவியா" என்றார்.

"ஆத்தா, ஒனக்குச் சாஸ்திரம் தெரியாது. சும்மா இரு" என்று அத்தான் அவரை அடக்கிவிட்டார்.

அப்படியாகக் குழாய் போன வழி இது. பெட்டியின் தலையிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் புறப்பட வேண்டிய தண்ணீர், முன்பக்க மாடியின் ஓரத்துக்கு வந்து, பக்கத்துச் சந்தில் சுவரோடு தரைக்கு இறங்கி, தரையோடு கொல்லை வரைக்கும் போய், அங்கே மறுபடி சுவரோடு ஏறி, மாடிக்கும் மேலே ஏறித் தொட்டிக்குப் போக வேண்டும். அது சாமியைப் பிரதட்சணம் செய்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுத் தொட்டிக்கு வரும். அத்தானுக்கு இதில் ஒரே பெருமை. விஞ்ஞானமும் சாஸ்திரமும் கைகோத்து நடக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சந்தைக் காட்டினார்.

தண்ணீர் ஏறி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். முதல் நாள் வெயில் நன்றாக அடித்தது. மத்தியானம் பெட்டிக்குள்ளிருந்து கொடகொடவென்று சத்தம் வந்தது. வளைவுக்கு வளைவு காற்று அடைத்துக்கொண்டு ஏப்பம் விட்டது. அத்தான் சாயங்காலம் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்தார். ஐயோ என்று ஒரு சத்தம் கேட்டது. பச்சைத் தண்ணீர்.

"சூரியனுக்குப் பழகணும்" என்றார் துண்டால் துடைத்துக்கொண்டு. இத்தனை யுகமாகக் காய்ந்துகொண்டிருக்கிற சூரியனுக்கு எங்கள் வீட்டில் வந்து பழக வேண்டியிருந்தது. மறுநாள் விடிவதற்கு முன்னால் அக்கா மறுபடி கொட்டகைக்குள் போனாள்.

சூரியன் பழகவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகம் காயவைக்க நான் மாடிக்குப் போனபோது அந்தக் குழாயைத் தொட்டேன். பெட்டியை விட்டு வெளியே வருகிற இடத்தில் விரல் கொப்பளித்துவிட்டது. மாடி ஓரத்தில் நல்ல சூடு. கீழே இறங்கிச் சந்துக்குப் போனேன். சுவரோடு இறங்குகிற குழாய் என் தலைக்கு நேரே இளஞ்சூடு, இடுப்புக்கு நேரே ஒன்றுமில்லை, தரையில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. வெந்நீர் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கீழே இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒரு மனுஷனைத் தவிர யாருக்கும் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அக்காவையும் கூட்டிவந்து தொட்டுப்பார்க்கச் சொன்னேன். அவள் மெதுவாக மேலிருந்து கீழ்வரைக்கும் கையை இறக்கினாள். "மேலதானடி இருக்கு... இம்புட்டுச் சூடும்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்குத்தான் வரல" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் நான் கட்டிவைத்த வாயைக் கொஞ்சம் அவிழ்த்தேன். "அத்தான், பைப்பு கீழ எறங்குற எடத்துல தண்ணி நின்னுருதுங்க. நேரா ஏத்தமாப் போட்டா வரும்போல இருக்கு" என்றேன்.

அவர் மோர் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீ வாய்ப்பாடு சொல்லிக்குடு. பைப்ப நான் பாத்துக்கிர்றேன்" என்றார். அந்த மோரை எடுத்து அவர் தலையில் கொட்டலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஒண்டியிருப்பவள், கொட்டவில்லை.

மார்கழி வந்தது. மழை விட்டு வெயிலும் தெளிவாக அடித்தது. அத்தான் தன்னுடைய கண்டுபிடிப்பைப் பற்றி ஆபீசில் அளந்து வைத்திருந்தார் போலும். அவருடைய மேலதிகாரி அதை நேரில் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வேறு மனுஷனாக இருந்தால் அந்தச் செய்தியைக் கேட்டதும் குழாயை நேராக மாற்றியிருப்பான். அத்தான் வேறு வழி கண்டுபிடித்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மத்தியானம் ஒரு நாலஞ்சு அண்டா வெந்நி போட்டுரு. மேல தொட்டில ஊத்திருவோம். சூரியனோடது கொஞ்சம் பத்தல, நம்மதான் கைகுடுக்கணும்."

அக்கா அவரையே பார்த்தாள். "சூரியனுக்கு நான் கைகுடுக்கணுமாங்க?" என்றாள்.

"ஒரு நாளைக்குத்தான்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. ஆகையால் எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். மத்தியான வெயிலில், தலைக்கு மேலே சூரியன் தகதகவென்று காய்ந்துகொண்டிருக்கும்போது, புகை வேண்டாம் என்று செய்த சாதனத்துக்காக என் அக்கா பச்சை முந்திரி விறகை ஊதி ஊதிப் புகைக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் உதவிக்குப் போனேன். எனக்கே கண் தெரியவில்லை. ஆபீஸ் சேவகர்கள் இரண்டு பேர் வெந்நீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அத்தான் என்ன சொல்லியிருந்தாரோ, வாயைத் திறக்காமல் தூக்கினார்கள். கடைசி அண்டா இறங்கியதும் அக்காவுக்கு மூச்சு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குழி உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தது. மாமியார் ஓடிவந்து முதுகைத் தடவினார்.

முன்பக்கம் மேலதிகாரி வந்திறங்கினார். மாடிக்குப் போனார், கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிவந்தார், பாம்பு வளைவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தொட்டியில் கையை வைத்து, "பேஷ், பேஷ்! கை வைக்க முடியலையே!" என்றார். ஓவர்சியர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கொல்லையிலிருந்து வருகிற புகையைக் காட்டி அது என்ன என்று மேலதிகாரி கேட்டபோது, "பலகாரம் போடுறாங்க சார்" என்று அத்தான் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். இதே மாதிரி ஒன்றைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் செய்யலாமே என்று பெரியவர் பேசத் தொடங்கினார்.

பலகாரத் தட்டைக் கொண்டு மாடிக்குப் போனவள் நான். அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்தது. அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை அக்காமார் இருப்பார்கள் என்று நினைத்தேன். கீழே கொட்டகையிலிருந்து அந்த விசில் சத்தம் மாடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. என் வாய் தானாக அவிழ்ந்தது.

"தொட்டியத் தொட்டீங்க. அதுல வந்து சேர்ற பைப்பையும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க" என்றேன்.

அத்தான் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். மேலதிகாரி, பெண்பிள்ளை சொன்னதைத் தட்டக் கூடாது என்ற நாகரிகத்தில், சிரித்துக்கொண்டே குனிந்து குழாயைத் தொட்டார். அது சில்லென்று இருந்தது. ஆனால் அவர் சுட்டுவிட்ட மாதிரி கையை வெடுக்கென்று எடுத்தார்.

"என்ன ஓவர்சியர், பைப்பு குளிர்ந்து கெடக்கு! வெந்நீர் எந்த வழியா வந்துச்சு?"

அதற்குள் படியில் அக்கா நின்றாள். மாமியார் தடுத்தும் கேட்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்திருந்தாள். முந்தானையெல்லாம் கரி. "என் வழியாத்தாங்க வந்துச்சு" என்றாள்.

பிறகு மேலதிகாரி குழாய் போகிற வழியைப் பார்த்தார். நேராகப் போடாமல் ஏன் தரைக்கு இறக்கியிருக்கிறது என்று கேட்டார். அத்தான் சாமி அறையைச் சொன்னார், துளசியைச் சொன்னார், சோசியரைச் சொன்னார்.

"சாமிய... முன்னறைக்கு நகத்தி வச்சாப் போச்சு" என்றாள் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"வாயக் கழுவு! பரம்பரையா இருக்குற எடம். சாமிய நகத்துறதாவது!" என்று அத்தான் பாய்ந்தார்.

அக்கா அந்தப் பெரிய மனுஷர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தான் சாமியை என்ன, வீட்டையே தூக்கி நகர்த்தி வைத்திருப்பார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இதெல்லாம் உங்க குடும்ப விவகாரம், தெய்வ காரியம். நான் தலையிடப்படாது" என்றார். சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார். போகும்போது, குழாயைப் பார்த்ததுமே தனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அவர் சந்தேகப்பட்ட லட்சணத்தைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேனே.

அன்று ராத்திரி அத்தான் குதித்த குதியை எழுத வேண்டியதில்லை. என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். மாமியார், "அவ போனா நானும் அவ கூடப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் அத்தான் துண்டோடு கொல்லைக்குப் போனார். கொட்டகை இருட்டாக இருந்தது. அடுப்பில் தீ இல்லை. திரும்பி வந்தார். அக்கா போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"வெந்நி எங்க?"

"சூரியனக் கேளுங்க" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

அவர் என்னிடம் வந்தார். "நீயாச்சும் ரெண்டு குச்சியப் பத்த வையேன்" என்றார். நான் ரொம்பப் பணிவாக, "கொழுந்தியா வச்சுக் குடுத்தா மரியாதையில்லைன்னு சொன்னீங்களே அத்தான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சுவைத்துப் பேசிய வாக்கியங்களில் அது ஒன்று.

அவரும் முயற்சி செய்யாமல் இல்லை. அதற்கு அடுத்த நாள் தானே கொட்டகைக்குள் போனார். பச்சை முந்திரி விறகு தன் வேலையைக் காட்டியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமியபடி வெளியே ஓடிவந்தவர், அப்புறம் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. புகை என்றால் என்னவென்று அவருக்குத் தெரிய அந்த ஒரு விடியல் போதுமானதாக இருந்தது. அதே புகைக்குள் அக்கா எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாள் என்று அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

நாங்கள் மூன்று பெண்களும் குளிக்காமல் இருக்கவில்லை. பித்தளைத் தவலைகளில் தண்ணீர் நிரப்பி முற்றத்து வெயிலில் வைத்தோம். சாயங்காலத்துக்குள் உடம்புக்கு இதமான சூட்டுக்கு வந்துவிடும். ஊற்றிக்கொண்டோம். குழாயும் இல்லை, கண்ணாடியும் இல்லை, சோசியரும் இல்லை. அத்தானுக்கு மட்டும் அது ஆகாது. விடியற்காலையில் குளித்துப் பட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்ப வேண்டும் என்பது அவருடைய நியமம். மார்கழிக் குளிரில், கிணற்றுத் தண்ணீரில், தினமும் குளியலறையிலிருந்து அவர் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்காரர்களை எழுப்பிவிட்டது.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமி படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, மேலே பெட்டியோ குழாயோ இல்லாத முன்னறை மூலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நாள் பார்க்கவில்லை, நட்சத்திரம் பார்க்கவில்லை. சோசியரையும் கூப்பிடவில்லை. ராகு காலமாகக்கூட இருக்கலாம். "அன்னைக்கே இதச் செஞ்சிருக்கலாம்லடா" என்றார் மாமியார் விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு.

பிறகு எல்லாம் சட்டென்று நடந்தது. சந்தில் இறங்கிய குழாயைக் கழற்றி, மாடியோடு ஒரே நேராக, எங்கும் தாழாமல் ஏறுகிற மாதிரி போட்டார்கள். பாம்பு போயிற்று. எங்கிருந்தோ சன்னமான குழாய்கள் கிடைத்தன. படத்தில் இருந்த அதே ஏணி வந்தது. தொட்டிக்கு மரக்கூண்டு அடித்து உள்ளே உமியை அடைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. அடுத்த விடியலிலும் அந்தச் சூடு முக்கால்வாசி அப்படியே இருந்தது. அத்தான் குளித்துவிட்டு வந்து, ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் செய்ய நினைத்திருந்ததாகவும், வீட்டில் இருக்கிறவர்கள் குறுக்கே குறுக்கே பேசியதால் தாமதமாகிவிட்டதாகவும் சொன்னார்.

அக்காவின் நெஞ்சுச் சத்தத்துக்கு அவ்வளவு நாள் நகராத சாமி, அத்தானின் பல் கிட்டியதும் நகர்ந்துவிட்டது. சாமியை நான் குறை சொல்ல மாட்டேன். அதுவாக எப்படி நடந்து போகும்? யாராவது தூக்கித்தான் வைக்க வேண்டும்.

புகை நின்றதும் அக்காவுக்கு இளைப்பு குறைந்தது. முழுவதும் போகவில்லை. குளிர் நாட்களில் வரும். காற்றோட்டமாகத் தனியாகப் படுக்கட்டும் என்று டாக்டர் சொன்னதால், காலியாகக் கிடந்த அந்தப் பழைய சாமி அறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். வீடே குளிக்கிற தண்ணீர் இப்போது அவள் தலைக்கு மேலே போயிற்று, வந்தது. அதற்குச் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.